பொன் பூசியவன் கார் ஆன விதம்

அமெரிக்காவில் பழைய கார் விற்பவர்களின் அறிவிப்புகளில் இப்படி ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: '1959 காடிலாக் எல்டொராடோ பியாரிட்ஸ் கன்வெர்ட்டிபிள், ரெஸ்டோமாட்.' கீழே மலைக்க வைக்கும் ஒரு விலை, மேலே ஒரு படம். 5.7 மீட்டர் நீள உடல். பின்கோடியில் வானம் பார்த்து எழும்பிய இரண்டு துடுப்புகள். துடுப்புக்கு இரண்டாகத் துப்பாக்கிக் குண்டு வடிவில் சிவப்பு விளக்குகள். கார்ப் பிரியர்கள் படத்தைப் பார்ப்பார்கள், வாங்க நினைப்பவர்கள் விலையைப் பார்ப்பார்கள். சொற்களோடு பழகியவனுக்கு அந்த ஒரு வரியே போதும்.

வரியின் கடைசிச் சொல் பழைய கார்ப் பிரியர்களை இரண்டு கட்சியாக்கியிருக்கிறது. ரெஸ்டோமாட் என்பது புதுப்பித்தல், மாற்றியமைத்தல் என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முன்பாதிகளை வெட்டி ஒட்டியது. உடல் பழையது, உள்ளே ஓடுவது புதியது. 'என்ஜினையே மாற்றிய பிறகு அதை எல்டொராடோ என்று எந்த வாயால் சொல்வது?' என்று கேட்பது ஒரு கட்சி. அந்தப் பெயர் வந்த வழியைப் பார்த்தால் எனக்கு மறு கட்சியின் பக்கம் சாயத் தோன்றுகிறது.

எல் டொராடோ ஸ்பானியத் தொடர். 'எல்' ஆண்பால் ஒருமைப் பெயரின் முன் வரும் சுட்டு. 'தொரார்' என்ற வினைக்குப் பொன் பூசு என்று பொருள். அதன் லத்தீன் மூலம் 'தேஅவுராரே'. அதற்குள் இருக்கும் 'அவுரும்' பொன். 'தொராதோ' பூசப்பட்டதைக் குறிக்கும் எச்சம். ஆக, எல் டொராடோ என்றால் பொன் பூசப்பட்டவன். பொன்னால் ஆனவன் அல்ல, பொன் உடையவனும் அல்ல. முலாம் பூசிய ஆள் என்றால் இன்னும் நெருக்கமாக இருக்கும். அந்த 'முலாம்' என்ற சொல்லும் பளபளக்கச் செய்ததைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்கு வந்து சேர்ந்ததுதான்.

அந்த ஆள் யார்? இன்றைய கொலம்பியாவில், பொகோடாவுக்கு வடகிழக்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்தில் குவாடவிடா என்ற வட்டமான சிறிய ஏரி இருக்கிறது. அந்த மேட்டு நிலத்தில் வாழ்ந்தவர்கள் முயிஸ்கா மக்கள். புதிய தலைவன் பட்டமேற்கும் நாளில் அவன் ஆடைகளைக் களைந்து, உடம்பெங்கும் பிசுபிசுப்பான மண்ணைத் தடவி, அதன்மேல் பொன்தூளைத் தூவுவார்கள். நாணல் தெப்பத்தில் ஏற்றி ஏரி நடுவுக்குக் கொண்டுபோவார்கள். காலடியில் குவித்த பொன்னும் மரகதமும் நீரில் காணிக்கையாக இறங்கும். பொகோடாவில் பிறந்த ஹுவான் ரோட்ரிகேஸ் ஃப்ரெய்லே 1636 வாக்கில் எழுதிய 'எல் கார்னெரோ' என்ற நூலில் இந்தச் சடங்கு விரிவாக வருகிறது. அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 1541 வாக்கில், சாந்தோ தொமிங்கோவில் இருந்த வரலாற்றாசிரியர் ஓவியேதோ இதே ஆளைப் பற்றிக் கேள்விப்பட்டு எழுதிவிட்டார். ஓவியேதோ கேட்ட வடிவத்தில் அவன் தினமும் பொன் பூசி, இரவில் கழுவிவிட்டுப் படுப்பவன். அவன் படுக்கையறைக் குப்பை கிடைத்தால்கூடப் போதுமே என்று அந்த வரலாற்றாசிரியர் ஏங்குகிறார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. முயிஸ்கா நிலத்தில் சொல்லிக்கொள்ளும்படி பொன் சுரங்கம் கிடையாது. அவர்களிடம் இருந்தது உப்பு. சிபாகிரா, நெமோகோன் உப்பையும், பருத்தித் துணியையும், மரகதத்தையும் கொடுத்து அண்டை மக்களிடம் பொன்னைப் பண்டமாற்று செய்தார்கள். வந்த பொன்னைப் பெரும்பாலும் செம்பு கலந்து வார்த்தார்கள். தெய்வத்துக்குக் கொடுக்கத்தான் அவர்களுக்குப் பொன் வேண்டியிருந்தது. இந்த உப்பு வியாபாரிகளிடம் பொன்மலை இருப்பதாக எண்ணித்தான் 1539-இல் மூன்று படைகள் மூன்று திசையிலிருந்து வந்து அந்த மேட்டில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. வடக்கிலிருந்து கேசாதா, கிழக்கிலிருந்து ஜெர்மானியரான ஃபெடர்மன், தெற்கே கீட்டோவிலிருந்து பெலால்காசர்.

ஏரியையும் விடவில்லை. 1545-இல் வாளி வாளியாக இறைத்துப் பார்த்தார்கள். 1580-களில் செபுல்வேதா என்ற பொகோடா வியாபாரி கரையை ஆப்பு வடிவில் வெட்டித் தண்ணீரை வெளியே விட்டார். நீர்மட்டம் 20 மீட்டர் வரை இறங்கியது, வெட்டிய பக்கம் சரிந்து ஆட்கள் மாண்டார்கள், வேலை நின்றது. அந்த வெட்டு இன்றும் கரையில் தெரிகிறது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஒரு பிரிட்டிஷ் கம்பெனி சுரங்கம் தோண்டி ஏரியை முழுக்க வடித்தேவிட்டது. அடிச்சேற்றில் முதலில் கால் வைக்க முடியவில்லை. வெயில் பட்டதும் அது சிமெண்டாக இறுகி மண்வெட்டியை ஏற்கவில்லை. செலவுக்குக்கூடக் கட்டாத சில பொருள்கள்தான் கிடைத்தன. 1965-இல் கொலம்பிய அரசு ஏரியைப் பாதுகாப்பின்கீழ் கொண்டுவந்தது. நான்கு ஆண்டு கழித்து, ஏரிக்குச் சம்பந்தமில்லாத பாஸ்கா என்ற ஊரின் குகையில் உழவர்கள் ஒரு சிறு பொற்தெப்பத்தைக் கண்டெடுத்தார்கள். நடுவில் பெரிய உருவம், சுற்றிலும் சின்ன உருவங்கள். ஃப்ரெய்லே எழுதிய காட்சி உள்ளங்கை அளவில். பொகோடாவின் பொன் அருங்காட்சியகத்தில் இப்போது அது இருக்கிறது.

ஆள் எப்படி ஊரானான்? இலக்கணம் செய்த வேலை அது. 'தொராதோவின் நாட்டைத் தேடி' என்று தொடங்கிய பேச்சு, நாளடைவில் 'தொராதோவைத் தேடி' என்று சுருங்கியது. தேடுகிறவனுக்கு ஆள் தேவையில்லை, இடம்தான் தேவை. 1541-இல் கோன்சாலோ பிசாரோ கீட்டோவிலிருந்து கிளம்பும்போது இலவங்கப்பட்டைக் காட்டையும் எல் டொராடோவையும் ஒரே மூச்சில் தேடினார். இரண்டும் கிடைக்கவில்லை, அவரோடு போன ஒரெய்யானா ஆற்றோடு ஆறாக இறங்கி அமேசானைக் கடந்த முதல் ஐரோப்பியர் ஆனதுதான் மிச்சம். 1595-இல் ஆங்கிலேயர் வால்டர் ராலே கயானா பக்கம் போனபோது எல் டொராடோ ஆண்டிஸ் மலையிலிருந்து கிழக்கே நெடுந்தூரம் நகர்ந்திருந்தது. மனோவா என்ற நகரம், பாரிமே என்ற ஏரிக்கரையில். அடுத்த ஆண்டு அவர் எழுதிய நூல் அதை ஆங்கிலத்துக்குள் கொண்டுவந்தது. 1617-இல் மறுபடி போய், மகனைப் பறிகொடுத்து, வெறுங்கையோடு திரும்பியவரின் தலையை 1618-இல் அரசர் வாங்கினார். இல்லாத அந்தப் பாரிமே ஏரி மட்டும் நிலப்படங்களில் இரு நூற்றாண்டு தங்கியது. ஒரிநோகோ ஆற்றுப் பக்கம் நேரில் போன ஹம்போல்ட்தான் அதைத் துடைத்தெறிய வழி செய்தார்.

ஊரான பிறகு சொல்லின் உடலும் மாறியது. ஸ்பானியம் தெரியாதவர் காதில் 'எல்' சுட்டாக ஒலிக்கவில்லை. பெயரோடு ஒட்டி எல்டொராடோ ஆனது. ஆங்கிலத்தில் அதற்கு முன்னால் இன்னொரு சுட்டைச் சேர்த்து வழங்கினார்கள். 'நடுசென்டர்' என்று நாம் சொல்வதன் சகோதரன். வால்டேர் 1759-இல் 'காண்டீட்' எழுதியபோது எல்டொராடோ ஒரு கற்பனை நாடு. தெருப் பிள்ளைகள் பொன்னையும் மரகதத்தையும் கூழாங்கல்லாக வைத்து விளையாடும் இடம். 1849-இல் எட்கர் ஆலன் போ அந்தத் தலைப்பில் கவிதை எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில்தான் கலிஃபோர்னியாவின் கொலோமாவில் ஆற்றுமணலில் பொன் மின்னியது. 1850-இல் கொலோமா இருந்த மாவட்டத்துக்கே எல் டொராடோ என்று பெயரிட்டார்கள். தேடிப் போகும் இடமாக இருந்த சொல், அதோடு வந்து இறங்கும் இடத்தின் பெயராகவும் ஆயிற்று. பிறகு அமெரிக்கா முழுக்க எல் டொராடோக்கள் முளைத்தன. கான்சஸ் மாநிலத்தில் உள்ளவர்கள் அதை 'எல் டொரேடோ' என்று நீட்டுகிறார்கள். அந்தக் கான்சஸ் ஊரில் 1915-இலும், ஆர்க்கன்சாஸில் அதே பெயர் கொண்ட ஊரில் 1921-இலும் எண்ணெய் பீறிட்டது. பெயர் பலித்துவிட்டது என்று எவராவது சொல்லியிருந்தால் குற்றம் சொல்வதற்கில்லை. சென்னை நுங்கம்பாக்கம் நெடுஞ்சாலையில்கூட எல்டொராடோ என்று ஓர் அலுவலகக் கட்டடம் உண்டு. அங்கே வேலைக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் தாங்கள் ஒரு முயிஸ்கா தலைவனின் பட்டத்துக்குள் நுழைகிறோம் என்று நினைத்திருப்பார்கள்?

கார் இந்தக் கதைக்குள் வருவது 1952-இல். காடிலாக் கம்பெனிக்கு அது ஐம்பதாம் ஆண்டு, பொன்விழா. விழாவுக்குச் செய்த காட்சிக் காருக்குப் பெயர் வேண்டி ஊழியர்களிடையே போட்டி வைத்தார்கள். வணிகப் பிரிவில் செயலாளராக இருந்த ஒரு பெண் எழுதிக் கொடுத்த பெயர் வென்றது. பொன்விழாவுக்குப் பொன் பெயர், அவ்வளவுதான் கணக்கு. கலிஃபோர்னியப் பாலைவனத்தில் கம்பெனி அதிகாரிகள் போய்வந்த எல்டொராடோ கோல்ஃப் சங்கத்திலிருந்து பெயர் வந்தது என்று சொல்வோரும் உண்டு. அந்தச் சங்கம் தொடங்கியது 1950-களின் பிற்பாதியில். பிள்ளை பிறந்த பிறகு தாத்தா பிறந்த கதையாக இருப்பதால் அதை ஒதுக்கிவிடலாம்.

1953-இல் விற்பனைக்கு வந்த முதல் எல்டொராடோ 532 வண்டிகள் மட்டுமே. விலை 7,750 டாலர். அதே கம்பெனியின் சாதாரணத் திறந்த காரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஜனவரி 20 அன்று ஐசன்ஹோவர் பதவியேற்பு ஊர்வலத்தில் அதில் நின்றபடிதான் கையசைத்தார். நான்கு நிறங்களில் கிடைத்தது, அவற்றில் சிவப்பின் பெயர் 'ஆஸ்டெக் ரெட்'. ஆஸ்டெக்குகள் இருந்தது மெக்ஸிகோவில், பொன் பூசியவன் இருந்தது கொலம்பியாவில். டெட்ராய்ட்டிலிருந்து பார்க்கும்போது இரண்டும் தெற்கு, அதனால் பக்கத்து வீடு.

1956-இல் எல்டொராடோ இரண்டாகப் பிரிந்தது. கூரை மடங்குவது பியாரிட்ஸ், நிலைத்த கூரை கொண்டது செவில். பியாரிட்ஸ் பிரான்ஸின் தென்மேற்குக் கோடியில் திமிங்கிலம் பிடித்துப் பிழைத்த ஊர். மூன்றாம் நெப்போலியன் தன் மனைவி யூஜீனிக்காக 1850-களில் கடலோர மாளிகை கட்டிய பிறகு அரசர்கள் ஓய்வுக்கு வரும் இடமானது. கூரை திறந்து கடற்காற்று வாங்கும் காருக்கு அந்தப் பெயர் பொருந்துகிறது. செவில் பெயரில் இன்னும் ஆழமான பொருத்தம் இருக்கிறது, வைத்தவர்கள் அறிந்தார்களோ இல்லையோ. அமெரிக்காக்களிலிருந்து கப்பலேறிய பொன்னும் வெள்ளியும் சட்டப்படி இறங்க வேண்டிய துறை அந்த ஸ்பானிய நகரம். அரசரின் ஐந்தில் ஒரு பங்கைக் கணக்குப் பார்க்கும் அலுவலகமும் அங்கேதான் இருந்தது. பொன் பூசியவனிடமிருந்து எடுத்தது போய்ச் சேர்ந்த இடம் செவில். 'எல்டொராடோ செவில்' என்ற பெயர்ப் பட்டையில் ஒரு கொள்ளையின் புறப்பாடும் வந்துசேர்தலும் அடுத்தடுத்து நிற்கின்றன.

இனி காடிலாக். பிரெஞ்சுக்காரர் 'கதியாக்' என்பார்கள். அந்த '-ஆக்' ஈறு பிரான்ஸில் முன்பு வழங்கிய கௌலிய மொழியின் '-ஆகோன்' வழி வந்தது. இன்னாருக்குரிய இடம் என்று பொருள். கோன்யாக், பெர்ஷெராக் எல்லாம் அதே வரிசை. ஊர்ப்பெயர் எப்படி ஆள் பெயரானது என்பதில்தான் சுவை. 1658-இல் தென்மேற்குப் பிரான்ஸில், கஸ்கோனிப் பகுதியின் சிற்றூர் ஒன்றில் வழக்கறிஞர் வீட்டில் பிறந்தவர் அந்துவான் லோமே. 1683-இல் கடல் கடந்து வட அமெரிக்கா வந்தார். 1687-இல் கியூபெக்கில் திருமணம் செய்தபோது பதிவேட்டில் எழுதிய பெயர் அந்துவான் தெ லாமோத், காடிலாக் பிரபு. சொந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்த நிஜமான ஒரு பிரபுவின் பட்டங்களில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். தந்தையையும் பதவி உயர்த்திவிட்டார். குடும்பச் சின்னமும் தேவையல்லவா? அதையும் அந்தப் பிரபுவின் சின்னத்தை ஒட்டி வரைந்துகொண்டார், அலகும் காலும் இல்லாத சிறு பறவைகளோடு. பூர்வீகத்தைத் துருவிப் பார்க்க யாருமில்லாத புது நிலத்தில் அது எடுபட்டது. 1701 ஜூலை 24 அன்று இரண்டு ஏரிகளுக்கு இடைப்பட்ட நீரிணையோரம் அவர் கட்டிய கோட்டை, நீரிணை என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லாலேயே டெட்ராய்ட் என்று வழங்கலாயிற்று. பிறகு லூசியானாவின் ஆளுநர், அதன் பிறகு பாரிஸின் பாஸ்தீய் சிறையில் சில மாதம், கடைசியில் ஊர்ப்பக்கமே திரும்பி 1730-இல் மறைவு.

அவர் பெயர் காருக்கு வந்ததற்குக் காரணம், வேறொரு பெயரை நீக்க வேண்டி வந்ததுதான். 1902-இல் ஹென்றி ஃபோர்டு தன் பங்காளிகளோடு பிணங்கி ஹென்றி ஃபோர்டு கம்பெனியை விட்டு வெளியேறினார். போகும்போது வாங்கிக்கொண்டது 900 டாலர், அதோடு தன் பெயர். கம்பெனியைக் கலைக்க மதிப்புப் போட வந்த ஹென்றி லேலண்ட், கலைக்காதீர்கள், என் என்ஜினை வைத்து நடத்துங்கள் என்றார். பெயர்ப் பலகை காலி. நகரத்தின் இருநூறாம் ஆண்டு விழா முந்தைய ஆண்டுதான் முடிந்திருந்தது; நிறுவியவரின் பெயரும், அவர் ஒட்டிக்கொண்ட சின்னமும் அப்படியே காரின் நெற்றிக்கு ஏறின. காலில்லாப் பறவைகள் இருபதாம் நூற்றாண்டின் இறுதி வரை அங்கே அமர்ந்திருந்தன. லேலண்ட் பிறகு அங்கிருந்து விலகித் தொடங்கிய இன்னொரு கம்பெனிக்கு லிங்கன் என்று பெயர் வைத்தார். தான் முதன்முதலில் வாக்களித்த குடியரசுத் தலைவராம். இரண்டு பெரிய கார்ப் பெயர்களுக்குக் காரணமானவர் தன் பெயரை எதிலும் பொறிக்கவில்லை.

கன்வெர்ட்டிபிள் பற்றி நீட்ட வேண்டாம். மாற்றத்தக்கது என்பதே பொருள். மூடியதைத் திறந்ததாகவும் திறந்ததை மூடியதாகவும் மாற்றலாம். நம் கிராமங்களில் முன்பு காரையே 'பிளஷர்' என்பார்கள். சரக்கு வண்டியிலிருந்து பிரித்துக் காட்ட ஆங்கிலத்தில் 'ப்ளெஷர் கார்' என்று எழுதிய வழக்கின் மிச்சம் அது. அந்தப் பெயருக்கு முழுத் தகுதி உள்ளது கூரை திறக்கும் காருக்குத்தான். 1970-களில் அதற்குக் கெட்ட காலம் வந்தது. கவிழ்ந்தால் ஆளைக் காப்பாற்றும் கூரை வேண்டும் என்று சட்டம் வரும் என்ற அச்சம், குளிர்சாதனம் வந்ததில் குறைந்த மோகம். 1976 ஏப்ரல் 21 அன்று வெள்ளை நிற எல்டொராடோ ஒன்று டெட்ராய்ட் ஆலையிலிருந்து வெளிவந்தபோது, அதுவே கடைசி அமெரிக்க கன்வெர்ட்டிபிள் என்று அறிவித்தார்கள். அந்த ஆண்டின் 14,000 வண்டிகளில் பலவற்றை மக்கள் ஓட்டுவதற்காக வாங்கவில்லை. கொட்டகையில் பூட்டிவைத்தால் பிள்ளைகள் காலத்தில் பொன்னாகும் என்று வாங்கினார்கள். 1984-இல் கம்பெனி மறுபடியும் எல்டொராடோ பியாரிட்ஸ் கன்வெர்ட்டிபிளைக் கொண்டுவந்தது. 'கடைசி' வாங்கியவர்களில் சிலர் ஏமாற்றிவிட்டார்கள் என்று வழக்குத் தொடர்ந்தார்கள். ராலேயின் மனோவா நினைவுக்கு வராமல் போகாது.

சரி, விற்பனைக்கு நிற்கும் 1959 வண்டிக்கு வருவோம். அந்த ஆண்டு பியாரிட்ஸ் 1,320 வண்டிகள், விலை 7,401 டாலர். 6.4 லிட்டர் என்ஜின், மூன்று கார்புரேட்டர், 345 குதிரைத்திறன். நான்கு சக்கரத்திலும் காற்றுப்பை சஸ்பென்ஷன். இந்தக் காற்றுப்பை ஒழுகி, காலையில் வண்டி தரையோடு படுத்துக் கிடக்கும் என்பதால் பல உரிமையாளர்கள் அந்தக் காலத்திலேயே அதைக் கழற்றிவிட்டுச் சுருள்வில் போட்டார்கள். ஆக, 'மாற்றியமைத்தல்' ரெஸ்டோமாட் என்ற சொல் பிறக்கும் முன்பே தொடங்கிவிட்டது. இன்றைய பட்டறைக்காரர் சுருள்வில்லைக் கழற்றிவிட்டுப் புதிய காற்றுப்பையை, கணினிக் கட்டுப்பாட்டோடு, மீண்டும் பொருத்துகிறார். கார்வெட் காருக்காக 1997-இல் வந்த எல்எஸ் வகை வி-8 என்ஜின் உள்ளே இறங்குகிறது. டிரம் பிரேக் போய் டிஸ்க் பிரேக், புதிய கியர்பெட்டி, புதிய ஏசி. டிங்கரிங், பெயிண்டிங், குரோம் முலாம் மட்டும் மில்லிமீட்டர் பிசகாமல் 1959.

தூய்மைவாதிகள் கோபப்படுவது எனக்குப் புரிகிறது. மூன்று கார்புரேட்டரும் ஒன்றாக மூச்சிழுக்கும் ஒலியை எந்தக் கணினியும் தராது. ஆனால் பெயரைச் சொல்லி வாதாடினால் அவர்கள் தோற்பார்கள். எடுத்துப் போட்டுக்கொண்ட பட்டம் காடிலாக். மேலே பூசியது எல்டொராடோ. மாறத்தக்கது கன்வெர்ட்டிபிள். தோலைக் காத்து உள்ளத்தை மாற்றிய வண்டியை இந்த வரி பொய்யாக வர்ணிக்கவில்லை.

மெய்யான மோசடி வேறொரு பக்கம் நடக்கிறது. அதே ஆண்டு காடிலாக் 'சிக்ஸ்டி-டூ' வரிசையில் விலை குறைந்த திறந்த கார் 11,130 வெளிவந்தன. உருவம் ஏறக்குறைய ஒன்றே. கண்ணாடித் தூணிலிருந்து தொடங்கி உடலோடு ஓடித் துடுப்பைச் சுற்றும் அகலமான குரோம் பட்டையையும் பெயர் எழுத்துகளையும் வாங்கி ஒட்டினால் சிக்ஸ்டி-டூ பியாரிட்ஸாகிவிடும். அதனால் அனுபவமுள்ளவர் குரோமைப் பார்ப்பதில்லை, வண்டி எண்ணைப் பார்க்கிறார். 59-க்கு அடுத்து 'இ' என்ற எழுத்து இருந்தால் பியாரிட்ஸ், 'எஃப்' இருந்தால் சிக்ஸ்டி-டூ. தொழிற்சாலை அதே எண்ணை என்ஜின் கட்டையிலும் பொறித்திருக்கும். ரெஸ்டோமாட்டில் அந்த என்ஜின் எப்போதோ கழன்று போயிருக்கும் என்பதால், வாங்க வருபவர் தரையில் படுத்து, டார்ச் அடித்து, சேஸிஸில் உள்ள எண்ணைத் தேடிப் படிக்க வேண்டும்.